நம்மூர்ச் சாலையை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ப்பது எப்படி? களத்திலிருந்து தரவு வரை முழுமையான வழிகாட்டி

காவிரி டெல்டாவில் ஊருக்குள் போகும் சாலைகள் பெரும்பாலும் ஆற்றையோ வாய்க்காலையோ ஒட்டியே ஓடும். பெரிய சாலையிலிருந்து பிரிந்து, கரை மேலேயே கொஞ்ச தூரம் போய், ஒரு சின்னப் பாலத்தில் வாய்க்காலைக் கடந்து, அப்புறம்தான் தெருவில் இறங்கும். இப்படிப்பட்ட ஊரை இணைய வரைபடத்தில் தேடினால் சில சமயம் கரை ரோடு இருக்கும், தெருவும் இருக்கும், நடுவில் அந்தப் பாலம் மட்டும் விடுபட்டிருக்கும். பார்க்கும் கண்ணுக்கு அது சின்ன இடைவெளிதான். வழி சொல்லும் மென்பொருளுக்கோ அந்த ஊருக்குப் பாதையே கிடையாது. வேறு பக்கமாகப் பல கிலோமீட்டர் சுற்றி அனுப்பும், இல்லையென்றால் வழி இல்லை என்று கைவிரித்துவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது தென்னை மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. அந்த மாதிரி நேரத்தில் பெரிய சாலை எது என்று யாரும் கேட்பதில்லை. எந்தக் கரை ரோடு எந்தப் பாலத்தில் போய்ச் சேரும் என்பதுதான் வெளியூரிலிருந்து நிவாரணப் பொருள் ஏற்றி வரும் வண்டிக்குத் தெரிய வேண்டியது. உள்ளூர்க்காரர்களுக்கு அது மனப்பாடம். அந்த அறிவை, யாரும் திருத்தக்கூடிய திறந்த இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பதிந்து வைக்கத்தான் இந்த வேலை.

இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான். எத்தனை கிலோமீட்டர் வரைந்தீர்கள் என்பதைவிட, வரைந்த சாலை சேர வேண்டிய இடத்தில் சேர்கிறதா, சேராத இடத்தில் சேராமல் இருக்கிறதா என்பது முக்கியம்.

தொடங்கும் முன் தெரிய வேண்டியவை

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். அங்கே அரசு வரைபடத் தரவு காசு கொடுத்தாலும் கட்டுப்பாடுகளோடுதான் கிடைத்தது. அதற்கு மாற்றாக, மக்களே அளந்து மக்களே வைத்துக்கொள்ளும் வரைபடம் என்ற எண்ணம் பிறந்தது. மற்ற இணைய வரைபடங்களில் நமக்குப் படம்தான் கிடைக்கும். இங்கே படத்துக்குப் பின்னால் இருக்கும் தரவு முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம், மாற்றலாம், அதை வைத்து வணிகம்கூடச் செய்யலாம். 2012இலிருந்து ஓடிபிஎல் என்ற உரிமம் இதற்குப் பொருந்துகிறது. அதன் நிபந்தனைகளைக் கடைசியில் சொல்கிறேன்.

2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களை உலகம் முழுவதும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாட்களில் வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு போயின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்கள் குறித்த இணைய வரைபடமும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் சாலைகளின் மேல்தான் நின்றது. தெரு முன்கூட்டியே தரவில் இருந்ததால்தான் அதைத் தொட்டு ‘இங்கே தண்ணீர்’ என்று சொல்ல முடிந்தது.

சட்டப்படி இது சரிதானா என்று சிலர் கேட்பார்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவிசார் தரவு நெறிமுறைகள், இந்தியர்கள் வரைபடத் தரவைச் சேகரிப்பதற்கும் வெளியிடுவதற்கும் முன்அனுமதி தேவையில்லை என்று தளர்த்திவிட்டன. பாதுகாப்பு சார்ந்த சில விஷயங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ராணுவ வளாகம், படம் எடுக்கத் தடை என்று பலகை வைத்த இடம் ஆகியவற்றைத் தொடாமல் இருந்தால் ஊர்ச் சாலை வேலைக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

முதல் படி: சின்ன இடமாகத் தேர்ந்தெடுங்கள்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியோடு கணக்குத் தொடங்குங்கள். உண்மைப் பெயர் தேவையில்லை. நீங்கள் செய்யும் திருத்தம் எல்லாம் பொதுவில் தெரியும் என்பதால் புனைபெயரே நல்லது.

அடுத்து இடம். ஒரு ஊராட்சி, அல்லது நகரமென்றால் ஒரு வார்டு போதும். நீங்கள் நடந்தோ வண்டியிலோ அடிக்கடி போகும் இடமாக இருக்க வேண்டும். மாவட்டம் முழுவதையும் வரைந்துவிடலாம் என்ற ஆசை பலருக்கு வரும். பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அந்தப் பகுதியை வரைபடத்தில் நன்றாகப் பெரிதாக்கி, ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். யாராவது முன்பே வரைந்திருந்தால் அழிக்காதீர்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் வரலாறு இருக்கிறது. யார், எப்போது, எதை வைத்து வரைந்தார் என்று அதில் தெரியும். இடம் தவறியிருந்தால் அதே கோட்டை நகர்த்துங்கள். அழித்துப் புதிதாக வரைந்தால் அந்த வரலாறு அறுந்துவிடும்.

இரண்டாம் படி: எதிலிருந்து எடுக்கக் கூடாது

கூகுள் மேப்பைப் பார்த்து வரையவே கூடாது. அதன் செயற்கைக்கோள் படம், தெருக்காட்சி, தெருப்பெயர் எதுவும் கூடாது. ‘பெயரை மட்டும் சரிபார்க்கிறேன்’ என்பதும் கூடாது. அது அவர்களுடைய உரிமையுள்ள தரவு. ஒருவர் எடுத்துப் போட்டது தெரியவந்தால் அவருடைய திருத்தங்கள் மொத்தமும் நீக்கப்படலாம், அதன் மேல் மற்றவர்கள் செய்த நல்ல வேலையும் சேர்ந்து போகும். அச்சிட்ட வரைபடப் புத்தகங்களுக்கும் இதே விதிதான்.

எடுக்கக்கூடியவை மூன்று. நீங்கள் நேரில் பார்த்தது, உங்கள் ஜிபிஎஸ் பதிவு, திருத்தும் கருவிக்குள்ளேயே பின்னணியாகக் கொடுக்கப்பட்டிருக்கும் பிங், எஸ்ரி போன்ற படங்கள். பிங் படங்களைப் பார்த்து வரைய மைக்ரோசாஃப்ட் 2010இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. மேப்பிலரியில் மக்கள் ஏற்றிய தெருப் படங்களையும் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: களத்துக்குப் போங்கள்

வீட்டிலிருந்தே படத்தைப் பார்த்து வரைய முடியும் என்றாலும், முதலில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு உட்கார்வதே நல்லது. செயற்கைக்கோள் படத்தில் தென்னந்தோப்புக்குள் போகும் சாலை தெரியாது. புளியமரங்கள் இரண்டு பக்கமும் கவிந்த சாலையும் விட்டுவிட்டுத்தான் தெரியும். வயல் நடுவே வெள்ளையாகத் தெரியும் கோடு சாலையா, அகலமான வரப்பா, தண்ணீர் இல்லாத வாய்க்காலா என்று மேலிருந்து சொல்ல முடியாது.

கைப்பேசியில் ஓஎஸ்எம்ஆண்ட் மாதிரி ஒரு செயலியைப் போட்டு, பயணப் பதிவை ஆன் செய்துகொள்ளுங்கள். பதிவு ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமிக்கப்படும். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசியின் துல்லியம் சுமார் ஐந்து மீட்டர். மரத்தடியிலும் நெருக்கமான மாடி வீடுகளுக்கு இடையிலும் அது கெடும். முடிந்தால் போன வழியிலேயே திரும்பி வாருங்கள். இரண்டு தடங்கள் இருந்தால் நடுவில் எது உண்மை என்று கணிக்கலாம். மலைச் சாலைகளில் இது மிகவும் முக்கியம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஒரு பக்கம் மலை வானத்தை மறைத்துக்கொள்ளும். தடம் பக்கத்து வளைவின் மேலேயே போய் விழும்.

போகிற வழியில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். கைப்பேசியில் இடப் பதிவை ஆன் செய்திருந்தால் ஒவ்வொரு படத்திலும் இடம் பதிந்துவிடும். எதை எடுப்பது? தெருப்பெயர்ப் பலகை, திட்டத்தின் பெயரும் நீளமும் எழுதிய ஊராட்சிச் சாலைப் பலகை, பாலம், வேகத்தடை, உயர வரம்புப் பலகை, சாலையின் மேற்பரப்பு மாறும் இடம். மைல்கல்லைக் கட்டாயம் எடுங்கள். மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. கறுப்பு அல்லது நீலம் பெரும்பாலும் மாவட்ட, நகரச் சாலைகளைக் குறிக்கும். பிற்பாடு சாலையின் தரத்தை முடிவு செய்ய இதைவிட எளிய சான்று கிடையாது.

டீக்கடையில் நின்று கேளுங்கள். மழைக்காலத்தில் எந்தத் தரைப்பாலம் மூழ்கும், பஸ் எந்தத் தெரு வரைக்கும் வரும், லாரி எங்கே திரும்ப முடியாமல் நிற்கும் என்பதெல்லாம் எந்தப் படத்திலும் இல்லாத தகவல்.

ஒரு எச்சரிக்கை. ஜிபிஎஸ் பதிவைப் பொதுவில் ஏற்றினால் அது தொடங்கி முடியும் இடம் உங்கள் வீட்டு வாசலாக இருக்கும். ஏற்றும் முன் இரண்டு முனைகளையும் வெட்டிவிடுங்கள். ஏற்றாமல் உங்கள் கணினியிலிருந்தே திருத்தும் கருவிக்குள் இழுத்துப் போட்டும் வேலை செய்யலாம்.

நான்காம் படி: கோடு வரைதல்

புதியவர்களுக்கு உலாவியிலேயே திறக்கும் ஐடி என்ற கருவி போதும். தளத்தில் ‘திருத்து’ என்று அழுத்தினால் அதுதான் வரும். பெரிய அளவில் செய்யத் தொடங்கிய பிறகு ஜேஓஎஸ்எம்முக்கு மாறிக்கொள்ளலாம். அது கணினியில் நிறுவ வேண்டிய, கொஞ்சம் பழக வேண்டிய மென்பொருள். கைப்பேசியிலேயே செய்ய ஆண்ட்ராய்டில் வெஸ்புச்சி இருக்கிறது. வரையவே தெரியாதவர்கள் ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டில் தொடங்கலாம். ‘இந்தச் சாலை தார் ரோடா, மண் ரோடா?’ என்று அது கேட்கும், நீங்கள் நின்ற இடத்திலிருந்து பதில் சொன்னால் போதும். பள்ளி மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வரைவதற்கு முன் பின்னணிப் படம் இடம் தவறியிருக்கிறதா என்று பாருங்கள். செயற்கைக்கோள் படங்கள் சில மீட்டர் தள்ளி இருப்பது சகஜம். மேடு பள்ளமான இடங்களில் அடிவாரத்தில் ஒரு பக்கமும் உச்சியில் வேறு பக்கமும் தள்ளியிருக்கும். உங்கள் ஜிபிஎஸ் தடத்தையும், மற்றவர்கள் பொதுவில் ஏற்றிய தடங்களையும் படத்தின் மேல் காட்டச் செய்து ஒப்பிடுங்கள். பல தடங்கள் ஒரே பக்கமாக விலகியிருந்தால் தவறு படத்தில். பின்னணி அமைப்புகளில் படத்தை நகர்த்தி, தடங்களோடு பொருத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரே ஒரு தடத்தை நம்பி மட்டும் நகர்த்தாதீர்கள்.

கோட்டைச் சாலையின் நடுவில் வரைய வேண்டும். நேரான இடத்தில் புள்ளிகள் குறைவாகவும் வளைவில் நெருக்கமாகவும் வையுங்கள். நடுவே தடுப்புச் சுவரோ மண் திட்டோ இருக்கும் சாலையை மட்டும் இரண்டு கோடுகளாக, ஒவ்வொன்றும் ஒருவழியாக வரையுங்கள். வெள்ளைக் கோடு மட்டும் போட்டிருந்தால் அது ஒரே சாலைதான். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் கோட்டின் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். திசை தலைகீழாக இருந்தால் வழி சொல்லும் செயலி எதிர்த்திசையில் வண்டியை அனுப்பும்.

ஐந்தாம் படி: சேர்ப்பதும் சேர்க்காமல் விடுவதும்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எல்லாமே புள்ளி, கோடு, தொடர்பு என்ற மூன்றுக்குள் அடங்கும். இரண்டு சாலைகள் சேர்கின்றன என்று கணினிக்குத் தெரிய, இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியைப் பகிர வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று படிந்திருந்தால் போதாது. ஒரு கோட்டின் முனை மற்றதிலிருந்து அரை மீட்டர் தள்ளி நின்றால், திரையில் ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும், ஆனால் அங்கே வழி இல்லை. ஐடியில் வரையும்போது முனையை மற்றக் கோட்டின் மேல் கொண்டுபோய் வைத்தால் அது தானாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதா என்று அறிய, பெரிதாக்கிப் பார்த்து அந்தப் புள்ளியைச் சொடுக்குங்கள். அதில் எத்தனை கோடுகள் இணைந்திருக்கின்றன என்று தெரியும். சேர்ந்தும் சேராமல் நிற்கும் முனைகளை ஐடியின் ‘பிரச்சினைகள்’ பட்டியலும் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் அதே அளவு கெடுதல். மேம்பாலமும் அதன் கீழே போகும் சாலையும் குறுக்கே வெட்டும் இடத்தில் புள்ளி பகிரக் கூடாது. பகிர்ந்தால், பாலத்தின் மேலிருந்து கீழ்ச் சாலைக்குத் திரும்பலாம் என்று செயலி சொல்லும். நான்கு வழிச்சாலையில் ஊர்ச் சாலை வந்து சேரும் இடமும் அப்படித்தான். நடுத் தடுப்பில் திறப்பு இல்லையென்றால் அருகில் இருக்கும் பாதையோடு மட்டும் சேருங்கள். எதிர்ப்பக்கப் பாதையோடு ஒரு சின்னக் கோடு போட்டு இணைத்துவிட்டால், தடுப்புச் சுவரைத் தாண்டிப் போகச் சொன்ன மாதிரி ஆகும். திறப்பு இருந்தால் அந்தத் திறப்பைத் தனிக் கோடாக வரைந்து இரண்டையும் இணையுங்கள். சந்திப்பில் வலது பக்கம் திரும்பத் தடை, யூ டர்ன் தடை என்று பலகை இருந்தால், ஐடியில் சந்திப்புப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, திருப்ப அம்புகளில் அந்தத் திசையைத் தடுக்கலாம்.

இப்போது டெல்டாவின் வாய்க்கால்களுக்கு வருவோம். சாலை வாய்க்காலைக் கடக்கும் இடம் மூன்று வகை. ஒன்று, முறையான பாலம். சாலைக் கோட்டைப் பாலத்தின் இரண்டு முனைகளிலும் வெட்டி, நடுத் துண்டுக்கு ‘பிரிட்ஜ்’ என்ற குறிச்சொல்லையும் (அது என்ன என்று கணினிக்குச் சொல்லும் சிறு குறிப்பு), ‘லேயர்’ ஒன்று என்பதையும் (எது மேலே, எது கீழே என்று காட்டும் அடுக்கு எண்) கொடுங்கள். சாலைத் துண்டுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கும். வாய்க்காலோடு புள்ளி பகிரக் கூடாது. இரண்டு, குழாய் போட்டு மேலே சாலை போகும் சிறு வாய்க்கால். இங்கே சாலையை வெட்ட வேண்டாம். வாய்க்கால் கோட்டை வெட்டி, சாலையின் அடியில் போகும் துண்டுக்கு ‘கல்வெர்ட்’ என்று குறித்து, ‘லேயர்’ மைனஸ் ஒன்று கொடுங்கள். கிராமங்களில் அதிகம் இருப்பது இந்த வகைதான், புதியவர்கள் பாலமாகப் போட்டுவிடுவதும் இதைத்தான். மூன்று, தரைப்பாலம். வெள்ளம் வந்தால் மேலே தண்ணீர் போகும் தாழ்வான பாலம் இது. பிரிட்ஜ் குறிச்சொல்லுக்கு ‘லோ வாட்டர் கிராஸிங்’ என்ற மதிப்பு இதற்கென்றே இருக்கிறது. அதோடு ‘ஃப்ளட் ப்ரோன்’ என்பதற்கு ‘எஸ்’ சேருங்கள். டீக்கடையில் கேட்டது இங்கேதான் பயன்படும்.

ரயில்வே கேட்டை மூடிவிட்டுச் சப்வே கட்டிய இடங்கள் நிறைய. மேலே ரயில் பாதைத் துண்டைப் பாலமாகக் குறியுங்கள், சாலை கீழே தொடர்ந்து போகட்டும். பழைய கேட்டின் புள்ளி தண்டவாளத்தில் இன்னும் இருந்தால், நேரில் பார்த்து உறுதி செய்தபின் நீக்குங்கள். உயர வரம்பு எழுதியிருந்தால் அதைக் கட்டாயம் சேருங்கள், மழையில் தண்ணீர் தேங்கும் என்றால் அதையும். உயரமான வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டு தகவலும் சாலைப் பெயரைவிட முக்கியம்.

ஆறாம் படி: எந்த வகைச் சாலை

எல்லாச் சாலைக்கும் ‘ஹைவே’ என்ற ஒரே குறிச்சொல்தான். ஒத்தையடிப் பாதைக்கும் அதுவே. அதற்குக் கொடுக்கும் மதிப்பில்தான் வேறுபாடு. இந்தியாவில் பொதுவாகத் தேசிய நெடுஞ்சாலைக்கு ‘ட்ரங்க்’, மாநில நெடுஞ்சாலைக்கு ‘ப்ரைமரி’, மாவட்ட முக்கியச் சாலைக்கு ‘செகண்டரி’, மாவட்ட இதரச் சாலைக்கு ‘டெர்ஷியரி’. ஊரையும் ஊரையும் இணைக்கும் ஊராட்சிச் சாலை ‘அன்க்ளாசிஃபைட்’. வகை தெரியாத சாலைக்கு இதைப் போடக் கூடாது. டெர்ஷியரிக்கு அடுத்த கீழ்த்தரச் சாலை என்பதே இதன் பொருள். வீடுகள் வரிசையாக இருக்கும் தெரு ‘ரெசிடென்ஷியல்’. வயலுக்கும் தோப்புக்கும் போகும் வண்டிப்பாதை ‘ட்ராக்’. நடந்தோ சைக்கிளிலோ மட்டும் போகக்கூடியது ‘பாத்’. கல்லூரி, ஆலை வளாகத்துக்குள் இருப்பது ‘சர்வீஸ்’. வரப்பை எந்த வகையிலும் சேர்க்க வேண்டாம்.

நெடுஞ்சாலை எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010இல் புதிய எண்கள் வந்தன. ஓசூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் பழைய 7ஆம் எண் சாலை இப்போது 44. வழியில் பழைய பலகைகளும் பேச்சு வழக்கும் இன்னும் இருக்கும். எண் என்ற இடத்தில் புதியதையும், பழையதைப் ‘பழைய எண்’ என்ற தனிக் குறிச்சொல்லிலும் போடுங்கள்.

ஏழாம் படி: மேற்பரப்பு, அகலம், பெயர்

தார் ரோடு ‘ஆஸ்ஃபால்ட்’, சிமென்ட் ரோடு ‘காங்க்ரீட்’, பேவர் பிளாக் ‘பேவிங் ஸ்டோன்ஸ்’. கப்பி போட்டு உருட்டிய சாலை ‘காம்பாக்டட்’. ஜல்லி கொட்டி அப்படியே கிடந்தால் ‘கிராவல்’. மண் ரோடு ‘டர்ட்’. ஒரே சாலை பாதி தாராகவும் பாதி மண்ணாகவும் இருந்தால் மாறும் இடத்தில் கோட்டை வெட்டி, இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். குறுகலான தெருக்களுக்கு அகலத்தை மீட்டரில் சேர்த்தால் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி கணிக்க உதவும்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் முதன்மைப் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ப் பெயருக்கு மொழி வாரியாகத் தனி இடம் உண்டு. ஐடியில் பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதுங்கள். மென்பொருளை விட்டு ஆங்கிலத்திலிருந்து எழுத்துப்பெயர்க்க வைக்காதீர்கள். ஒரத்தநாடும் திருத்துறைப்பூண்டியும் அதன் கையில் என்ன ஆகும் என்று நினைத்தாலே போதும், ற, ழ, ண எல்லாம் போய்விடும். சென்னை அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்று தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி இரண்டு பெயர் இருந்தால் பலகையில் உள்ளது முதன்மைப் பெயர், மற்றது ‘மாற்றுப் பெயர்’. அடைப்புக்குறிக்குள் இரண்டையும் ஒரே கட்டத்தில் திணிக்க வேண்டாம். பலகையும் இல்லை, ஊரார் சொல்லும் பெயரும் இல்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். நாமே பெயர் வைக்கக் கூடாது.

எட்டாம் படி: சேமித்து, சோதித்துப் பாருங்கள்

ஒரு ஊர் முடிந்ததும் சேமியுங்கள். பல ஊர்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாக அனுப்பினால் மற்றவர்களால் சரிபார்க்க முடியாது. சேமிக்கும்போது ஒரு குறிப்பு கேட்கும். ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘வெண்ணாற்றங்கரைச் சாலையிலிருந்து கீழத்தெரு வரை, நேரில் பார்த்து, இரண்டு பாலங்கள் சேர்த்தேன்’ என்பது மாதிரி எழுதுங்கள். தமிழில் எழுதலாம். ஆதாரம் கேட்கும் இடத்தில் கள ஆய்வு, பிங் படம் என்று உண்மையைச் சொல்லுங்கள்.

தளத்தின் வரைபடத்தில் உங்கள் கோடு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வழி சொல்லும் சேவைகளில் வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். இணையம் இல்லாமல் இயங்கும் செயலிகளில் அடுத்த தொகுப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். ஓரிரு நாள் கழித்து, ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே பேருந்து நிறுத்தத்திலிருந்து ஊர்க்கோயிலுக்கு வழி கேட்டுப் பாருங்கள். நீங்கள் போகும் வழியையே அது சொல்கிறதா? சுற்றி அனுப்புகிறது என்றால் நடுவில் எங்கோ ஒரு முனை சேரவில்லை, அல்லது ஒருவழித் திசை தவறு. கோயிலிலிருந்து திரும்பி வரும் வழியையும் கேளுங்கள். போகும்போது கிடைத்த வழி வரும்போது கிடைக்காமல் போவது ஒருவழித் தவறைக் காட்டிக்கொடுக்கும்.

ஒன்பதாம் படி: தரவை எடுத்துப் பயன்படுத்துதல்

குறைவான தரவு போதும் என்றால் ஓவர்பாஸ் டர்போ என்ற இணையக் கருவி. ஒரு பகுதியைத் திரையில் வைத்துக்கொண்டு, ‘மேற்பரப்பு குறிக்கப்படாத சாலைகள்’, ‘தமிழ்ப் பெயர் இல்லாத தெருக்கள்’ என்று கேட்டு வாங்கலாம். முடிவை ஜியோஜேசன் கோப்பாகவோ ஜிபிஎக்ஸாகவோ இறக்கிக்கொள்ளலாம். அடுத்த களப் பயணத்துக்கு எங்கே போவது என்று முடிவு செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. மாநில அளவில் வேண்டுமென்றால் ஜியோஃபாப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென்மண்டலத் தொகுப்பு கிடைக்கும். இலங்கைக்குத் தனித் தொகுப்பு உண்டு.

பகுப்பாய்வுக்கு இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ் போதும். குயிக்ஓஎஸ்எம் என்ற கூட்டுநிரலைச் சேர்த்தால் ஓவர்பாஸ் கேள்விகளை உள்ளேயிருந்தே கேட்கலாம். நம் ஒன்றியத்தில் மண் சாலை எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தரவு பாகைகளில் வரும். அப்படியே நீளம் கேட்டால் அர்த்தமில்லாத எண் கிடைக்கும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில் அளந்தால், தஞ்சாவூர் இருக்கும் அட்சரேகையில் நீளம் சுமார் 2 சதவீதம் கூடுதலாக வரும். பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறைக்கு மாற்றி அளப்பதே சரி. 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே உள்ள சென்னை, தஞ்சாவூர், மதுரை, சேலத்துக்கு 44 வடக்கு மண்டலம். மேற்கே உள்ள கோயம்புத்தூர், திருநெல்வேலிக்கு 43 வடக்கு. இன்னொன்று, நடுத்தடுப்புள்ள சாலை இரண்டு கோடுகள் என்பதால் இரண்டு முறை கணக்கில் வரும். அதைப் பாதியாக்க மறக்காதீர்கள்.

ஊராட்சிக் கூட்டத்தில் வைக்க, எந்தச் சாலை மண்ணாகவே இருக்கிறது, எந்தத் தரைப்பாலம் மூழ்கினால் எத்தனை தெருக்கள் துண்டாகின்றன என்று ஒரு தாளில் அச்சிட்டுக் கொண்டுபோகலாம். கோரிக்கை மனுவோடு வரைபடமும் இருந்தால் பேச்சு ‘எங்கே?’ என்ற கேள்வியிலேயே நிற்காது.

உரிமம் பற்றி: நீங்கள் அச்சிடும் வரைபடத்தில் ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று குறிப்பிட வேண்டும். தரவை மேம்படுத்திப் புதிய தரவுத்தளமாக வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். தரவை மாற்றாமல் படமாக மட்டும் வெளியிட்டால் பெயர் குறிப்பிடுவதே போதும்.

பத்தாம் படி: மொத்தமாகக் கிடைக்கும் தரவு

2022இல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், 2000இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் சாலைத் தரவை ஜியோசடக் தளத்தில் பொதுவுக்குத் திறந்துவிட்டது. செயற்கைக்கோள் படத்திலிருந்து கணினியே கண்டுபிடித்த சாலைகளை மெட்டா, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களும் வெளியிட்டிருக்கின்றன. மெட்டாவின் ராபிட் கருவியில் அவை வண்ணக் கோடுகளாக வரும், ஒவ்வொன்றாக ஏற்கலாம்.

இவை பயனுள்ளவை, ஆனால் மொத்தமாகக் கொட்டுவதற்கு உரியவை அல்ல. வறண்ட வாய்க்காலையும் வரப்பையும் சாலையாகக் காட்டும் கோடுகள் அவற்றில் இருக்கும். பாலத்தையும் தரைப்பாலத்தையும் அவை பிரித்துச் சொல்வதில்லை. ஏற்கெனவே உள்ள சாலைகளோடு சேராமல் தனியாக நிற்கும் துண்டுகளும் வரும். எந்தத் தரவையும் மொத்தமாக ஏற்றும் முன் உரிமம் பொருந்துகிறதா என்று பார்த்து, இந்தியப் பங்களிப்பாளர் குழுவில் முன்கூட்டியே பேசி ஒப்புதல் பெறுவது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் விதி. நான் இவற்றை எங்கே போய்ப் பார்ப்பது என்று காட்டும் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். வரைபடத்தில் இல்லாத, ஆனால் ஜியோசடக்கில் இருக்கும் சாலை என்றால், அடுத்த முறை அந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப அது ஒரு காரணம்.

பராமரிப்பு

வரைந்த ஊரைக் கைவிடாதீர்கள். புறவழிச்சாலை வரும், மண் சாலை தாராகும், தரைப்பாலம் இருந்த இடத்தில் உயர்மட்டப் பாலம் கட்டுவார்கள். ஓஎஸ்எம்சா என்ற தளத்தில் உங்கள் பகுதியைக் குறித்துவைத்தால் அங்கே நடக்கும் திருத்தங்களைப் பார்க்கலாம். யாராவது தவறாக மாற்றியிருந்தால் உடனே பழையபடி ஆக்காமல், அந்தத் திருத்தத்தின் கீழேயே மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் வெளிநாட்டிலிருந்து படத்தைப் பார்த்து நல்ல எண்ணத்தில் செய்தவராக இருப்பார், நேரில் பார்த்தவர் சொன்னால் ஏற்றுக்கொள்வார். உங்களிடம் யாராவது கேட்டாலும் பதில் சொல்லுங்கள்.

வேலை நடக்கும் பாலத்தை இடிக்கும்போதே அழிக்க வேண்டாம். ‘கட்டுமானத்தில்’ என்று வகையை மாற்றி, மாற்றுப்பாதையைத் தற்காலிகமாக வரைந்து, திறக்கும் தேதி பலகையில் இருந்தால் அதையும் சேருங்கள். நேரில் போக முடியாத அயலூர்த் தவறு கண்ணில் பட்டால், வரைபடத்தின் மேல் ‘குறிப்பு’ ஒன்று விடலாம். கணக்கு இல்லாதவர்கூட அதைச் செய்யலாம். ‘இங்கே பாலம் இல்லை, படித்துறைதான் இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதினால் போதும், பக்கத்து ஊர்க்காரர் யாராவது அதை எடுத்துச் சரிசெய்ய முடியும்.